வெட்டாதவனுக்கு வீடில்லை

இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் ஒரே ஒரு தடவையாவது உருப்படியாக ஜெயித்துவிட்டுத்தான் ஓய்வது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை நான் எப்போதும் பல் துலக்கும்போதுதான் எடுப்பேன். வாயில் நுரை இருக்கும்போது யாரும் நம்மைக் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.

ஜெயிப்பது என்றால் லூடோவில். சின்னப் பிள்ளைகள் ஆடும் அதே லூடோதான். நான்கு மூலையில் நான்கு நிற வீடு, ஆளுக்கு நாலு காய், ஒரு பகடை. ஆறு விழுந்தால் காய் வெளியே வரும். ஊரைச் சுற்றும். வழியில் எதிராளி காய் நின்றால் வெட்டும். வெட்டுப்பட்ட காய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பழையபடி வீட்டுக்குத் திரும்பி, இன்னொரு ஆறு விழும்வரை உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டில் லூடோ விளையாட்டல்ல. அதுதான் நீதிமன்றம்.

அதை ஆரம்பித்து வைத்தவள் எங்கள் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிச் சுற்றுலாவுக்கு அவளை அனுப்புவதா வேண்டாமா என்று நாங்கள் இருவரும் மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் அவள் லூடோ பலகையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். இரண்டு பேரும் ஆடுங்கள், ஜெயித்தவர் சொல்வதுதான் நடக்கும் என்றாள். பிறகு பலகையைத் திருப்பி, பின்பக்கம் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ஏழு விதிகளை எழுதினாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஓட்டை எதுவும் இல்லை. அவள் அம்மா ஜெயித்தாள். மகள் சுற்றுலா போனாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை ஒழிந்தது. அக்கம்பக்கத்தில் எங்களை ஆதர்ச தம்பதி என்றார்கள். சுவருக்கு என்ன நிறம், மகளுக்கு எந்தப் படிப்பு, என் அண்ணன் குடும்பம் வந்தால் எத்தனை நாள் தங்கலாம், எல்லாமே பலகையில் தீர்ந்தது. பதின்மூன்று வருடத்தில் பெரிய ஆட்டம் என்று பார்த்தால் அறுபதுக்கு மேல் ஆடியிருப்போம். நான் ஜெயித்தது நாலு. அதில் மூன்று, அவளுக்குக் காய்ச்சல் அடித்தபோது. மீதி ஒன்று, நான் மீசையை எடுக்கலாமா கூடாதா என்பது. அதில் அவளுக்கு அக்கறையே இருக்கவில்லை.

என் தொழில் பல் செட்டுச் செய்வது. இரண்டு பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் வார்த்து, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பேன். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது என் தயவில். என் வீட்டில் மட்டும் நான் சிரிப்பாகச் சிரித்துப் போனேன்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்கின் மேற்பார்வையாளர். ஐநூறு படுக்கைக்கு விரிப்பு, உறை, போர்வை எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகும், வரும். இருபது வருடமாக மூட்டை தூக்கித் தூக்கி அவள் கையே தராசாகிவிட்டது. கட்டிய மூட்டையை ஒரு தடவை தூக்கிப் பார்த்து, இதில் ஒரு தலையணை உறை குறைகிறது, அவிழ்த்து எண்ணு என்பாள். எண்ணினால் குறையும். வீட்டில் என் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது, பையில் தீப்பெட்டி இருப்பதை மட்டுமல்ல, அதில் எத்தனை குச்சி பாக்கி என்பதையும் சொல்லுவாள். நான் சிகரெட்டை விட்டதற்கு உடம்பு காரணமில்லை.

இந்த விவரத்தை நீங்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. துறைமுக ஊரில் புதிதாக ஆஸ்பத்திரி திறக்கிறார்கள், அங்கே துணிப் பிரிவுக்குத் தலைமை மேலாளராக வர விருப்பமா, சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவும். ரயிலில் எட்டு மணி நேரத் தூரம். அவள் அந்தக் கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் படித்தேன். இரண்டாவது தடவையும் படித்தேன். மகள் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இவளும் போய்விட்டால் பின்னறையில் இருக்கும் பிளாஸ்டர் தாடைகளும் நானும்தான்.

போகாதே என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து. தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தேன்.

"அந்த ஊர்ல தண்ணி உப்பா இருக்கும்" என்றேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வேறு ஏதாவது வருமா என்று பார்த்திருக்கிறாள், அது எனக்கு அப்போது தெரியாது. பிறகு எழுந்து போய், அலமாரி மேலிருந்து லூடோ பலகையை இறக்கித் தூசி தட்டினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆடலாம் என்றாள். அவள் ஜெயித்தால் அவள் அங்கே போவாள், நானும் கடையைக் கட்டிக்கொண்டு கூடப் போக வேண்டும். நான் ஜெயித்தால் அவள் வேலை வேண்டாமென்று எழுதிவிடுவாள். இதுதான் பந்தயம்.

அங்கே போனால் என் கதி என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பல் டாக்டரையும் தெரியாது. மேலாளரம்மாவின் வீட்டுக்காரர் என்ற ஒரே உத்தியோகம்தான் கிடைக்கும். நேர்மையாக ஆடினால் நான் தோற்பது சூரியன் மேற்கே மறைவது போல. அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை அந்த முடிவு. நேர்மையாக ஆடக் கூடாது.

பல் செய்யும் அக்ரிலிக்கில் பகடை செய்வது எனக்குக் கடைவாய்ப் பல் செய்வதைவிடச் சுலபம். இரண்டு செய்தேன். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டை மிளகு அளவுக்குத் தட்டி, வார்க்கும்போதே உள்ளே வைத்தேன். ஒன்றுக்குப் பச்சைப் புள்ளி. அதில் ஈயம் ஒன்றாம் பக்கத்துக்கு அடியில். கனமான பக்கம் கீழே போகும், ஆறு மேலே வரும். அது எனக்கு. மற்றதற்குச் சிவப்புப் புள்ளி. அதில் ஈயம் ஆறாம் பக்கத்துக்கு அடியில். தலைகீழாக நின்றாலும் ஆறு விழாது. அது அவளுக்கு. ஆறு விழாவிட்டால் காய் வெளியே வராது. வெளியே வராத காய் என்னை எப்படி வெட்டும்? பல்லைப் பிடுங்கிய பாம்பு. நானே என் முதுகில் தட்டிக்கொள்ள முயன்று தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை பூட்டுக்கடைக்காரர் பல் செட்டு அளவு பார்க்க வந்தார். மெழுகு அச்சை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுத்துப் பேச முடியாத ஆள் கிடைப்பது அபூர்வம் என்பதால் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். பகடைகளைப் போட்டும் காட்டினேன். பச்சை பத்துக்கு ஏழு தடவை ஆறு விழுந்தது. சிவப்பு பெரும்பாலும் ஒன்று, எப்போதாவது இரண்டு மூன்று. அவர் கண்ணை விரித்துப் பார்த்தார். அச்சை வெளியே எடுத்ததும் பொக்கை வாயால் கேட்டார்.

"இவ்வளவு கஷ்டத்துக்கு, போகாதேம்மான்னு வீட்ல ஒரு வார்த்தை சொல்லிடலாமே?"

ஒரு பல்கூட இல்லாதவருக்கு அது சுலபம். எனக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல். ஒன்றாவது நகர்ந்து வழிவிட்டால்தானே வார்த்தை வெளியே வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேஜையில் பலகை விரித்தோம். எனக்குப் பச்சைக் காய், அவளுக்குச் சிவப்பு. வழக்கமாக ஒரே பகடையைத்தான் இருவரும் மாற்றி மாற்றிப் போடுவோம். நான் இரண்டு தடவை தும்மினேன். எனக்குச் சளி, ஒரே டைஸை இரண்டு பேரும் தொட வேண்டாம், ஆளுக்கு ஒன்றாகப் புதிதாகச் செய்திருக்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரிக்காரியிடம் கிருமியைச் சொன்னால் மறுபேச்சு இருக்காது என்பது என் கணக்கு. அப்படியே ஆயிற்று.

அவள் சிவப்புப் புள்ளிப் பகடையை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

"உங்க கைவேலையா?"

"ஆமா."

"அழகா இருக்கு."

இருபத்தைந்து வருடத்தில் என் வேலையை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரியாக இருந்தது. மனசாட்சி என்று நினைத்தேன். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பகடையை உருட்டினேன்.

ஆறு. மறுபடியும் ஆறு. அப்புறம் நாலு. மூன்றே சுற்றில் என் நாலு காய்களும் வெளியே. இரண்டு மூன்று தடவை தொடர்ந்து மூன்று ஆறு விழுந்து, விதிப்படி அது செல்லாமல் போனது. போகட்டும். ஆறுக்கா பஞ்சம்? எதிரில் அவளுக்கு ஒன்று. பிறகு ஒன்று. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. அவள் ஒரு கிண்ணம் பூண்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, ஒரு கை உரிக்க ஒரு கை உருட்ட ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடைய நாலு காய்களும் வீட்டை விட்டு அசையவில்லை.

என் முதல் காய் ஊரைச் சுற்றி முடித்து என் வாசலுக்கு வந்தது. இனி உள்ளே ஏறி நடுவில் சேர்ந்தால் பழம். நான் காயைத் தூக்கினேன். அவள் பூண்டுக் கையால் வாசல் கட்டத்தை மறைத்தாள்.

"எத்தனை வெட்டு வெட்டியிருக்கீங்க?"

"வெட்டா?"

"நாலாவது ரூல்."

அப்படி ஒரு விதி இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன். பதின்மூன்று வருடமாக அதற்குத் தேவை வந்ததில்லை. எங்கள் ஆட்டத்தில் வெட்டு விழாத நாளே கிடையாது. நான் தோற்ற ஆட்டங்களில்கூட இரண்டு வெட்டாவது வெட்டிவிட்டுத்தான் தோற்பேன். நம்ப மாட்டேன், பார்க்க வேண்டும் என்றேன். விதி பலகையின் பின்பக்கம் இருக்கிறது. திருப்பினால் காய்கள் கொட்டிவிடும். அவள் காய் கலையாமல் பலகையை இரண்டு கையாலும் தட்டு மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தாள். நான் மேஜையின் விளிம்பில் கன்னத்தை வைத்து, அண்ணாந்து படித்தேன்.

"4. ஒரு வெட்டாவது வெட்டாதவங்க வீட்டுக்குள்ள போகக் கூடாது. இன்னொரு ரவுண்டு சுத்தனும்."

பக்கத்தில் மீசை வைத்த ஒரு ஆள் அழுவது போல ஒரு படம். ஒன்பது வயதிலேயே என் மகளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வீடு சேர வேண்டுமென்றால் அவளுடைய காய் ஒன்றை வெட்ட வேண்டும். வெட்ட வேண்டுமென்றால் அது வெளியே வர வேண்டும். அது வெளியே வர முடியாதபடி ஈயம் வைத்து வார்த்தவன் நான். எதிரியைக் கட்டிப்போட்டவனுக்கும் வீடு கிடையாது என்று எந்த ஞானியும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

இன்னொரு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றும் வந்தேன். நாலு காய்களும் செக்கு மாடு மாதிரி சுற்றின. என் பகடையில் ஆறு ஆறாக விழுந்தது, எதற்கும் உதவாமல். அவள் ஒன்று போட்டாள். பூண்டு உரித்தாள். ஒன்று போட்டாள். மணி ஏழு ஆனது. கிண்ணத்தில் ஒரு மாதத்துக்கான பூண்டு சேர்ந்துவிட்டது.

"டைஸை மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"உனக்கு ஆறே விழல. பார்க்கப் பாவமா இருக்கு."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க."

"சும்மா மாத்திப் பாரேன்."

"உங்களுக்குச் சளியாச்சே."

"சளி போயிடுச்சு."

"ஒரு மணி நேரத்துலயா?"

"லூடோ ஆடினா உடம்பு சூடாகும்ல" என்றேன். இதைவிட நல்ல காரணம் எனக்கு அகப்படவில்லை.

ஒரு காய் வெளியே வரும்வரைதான், வந்ததும் பகடையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். அவள் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தாள். பச்சைப் புள்ளிப் பகடையை வாங்கி, அதையும் உள்ளங்கையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்து, உருட்டினாள். ஆறு. ஒரு சிவப்புக் காய் வெளியே வந்து நின்றது. நான் கையை நீட்டினேன்.

"சரி, குடு. பழையபடி மாத்திக்கலாம்."

"ஐயோ, இது ராசியான டைஸுங்க. நீங்களே பாவப்பட்டுக் குடுத்தது. அடிக்கடி மாத்தினா ராசி போயிடும்."

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். அவள் ஆறு ஆறாகத் தாவிவந்தாள். நான் ஒன்று ஒன்றாக நகர்ந்தேன். பின்னால் பெருங்காலடி கேட்கக் கேட்க நொண்டிக்கொண்டு ஓடுகிறவனைப் போல என் காய்கள் ஊர்ந்தன. முதல் காயை வெட்டினாள். வெட்டிய காயைத் தட்டிவிடக்கூட இல்லை. இரண்டு விரலால் பூவைப் போல எடுத்து என் வீட்டில் வைத்தாள். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதையும் வெட்டி வைத்தாள். இப்போது என் காய்கள் நாலும் வீட்டுக்குள். வெளியே வர ஆறு வேண்டும். என் கையில் இருப்பதோ ஆறு விழாத பகடை. சிறையும் நான் கட்டியது, பூட்டும் நான் செய்தது, உள்ளே இருப்பதும் நான்தான்.

மூன்று காய் பழுத்துவிட்டது அவளுக்கு. கடைசிக் காய்க்குச் சரியாக இரண்டு விழ வேண்டும். அந்தப் பகடைக்கு இரண்டு எங்கே தெரியும்? ஆறு போட்டாள், செல்லவில்லை. ஆறு. மறுபடியும் ஆறு. ஒவ்வொரு தடவை போட்ட பிறகும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் ஒன்று போட்டேன். அவள் ஆறு போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இப்படி முப்பது நாற்பது தடவை. ஜெயிக்க அவசரப்படுகிறவள் பார்க்கும் பார்வையல்ல அது. அந்த நாற்பது தடவையில் எந்தத் தடவையும் நான் அந்த மூன்று எழுத்தைச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. வாயைத் திறந்தேன்.

"இந்த ஃபேன் ரொம்பச் சத்தம் போடுது" என்றேன்.

அவள் உருட்டினாள். இரண்டு.

பலகையை மடித்து வைத்துவிட்டு, இரண்டு பகடைகளையும் என் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"கையில வாங்கினப்பவே தெரியும். சிவப்புல ஆறு பக்கம் கனமா இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஆடினே?"

"நீங்க எவ்வளவு தூரம் போவீங்கன்னு பார்த்தேன். ஈயத்தைத் தட்டி, புள்ளி வெச்சு, மெருகு போட்டு, மூணு நாள் பாடுபட்டிருக்கீங்க. வாயைத் திறந்து போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தப் பலகையையே இறக்கியிருக்க மாட்டேன்."

இப்போதாவது சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோற்ற பிறகு சொன்னால் கெஞ்சுவது போல இருக்குமே. ஆண்பிள்ளை கெஞ்சுவதா? விதி விதிதான், நானும் கூட வருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் சனிக்கிழமை சம்மதம் எழுதிப் போட்டாள்.

இரண்டு வாரம் மூட்டை கட்டினேன். நாற்பத்தாறு பிளாஸ்டர் தாடைகளைக் காகிதத்தில் சுற்றினேன். அரம், மெழுகுக் கத்தி, மெருகு மெஷின் எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. பல் டாக்டர்களிடம் போய், ஊரை விட்டே போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவர் நல்லது என்றார். இன்னொருவர் போன மாதத்திலிருந்தே வேறொருவரிடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி, அவர் வேலை சுத்தமாக இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். பூட்டுக்கடைக்காரருக்குப் புதுப் பல் செட்டை மாட்டிவிட்டேன். அவர் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

புறப்படும் நாள் காலை, வாசலில் இரண்டு சூட்கேஸ் நின்றன. இரண்டும் அவளுடையவை. என் பெட்டிகளைக் காணோமே என்று பார்த்தால், எல்லாம் பின்னறையில் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. தாடைகள் வரிசையாக அலமாரியில் இளித்துக்கொண்டிருந்தன. டிக்கெட் எங்கே என்றேன்.

"உங்களுக்கு எடுக்கல."

"நீ ஜெயிச்சா நானும் வரணும்னுதானே பேச்சு?"

"முதல் ரூல் என்ன? ஜெயிச்சவங்க சொல்றதுதான் நடக்கும். நான்தானே ஜெயிச்சேன். சொல்றேன், நீங்க இங்கயே இருங்க."

"ஏன்?"

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"தோத்துட்டோமேன்னு ஒருத்தர் கூட வந்து, அந்த மூஞ்சியை நான் தினம் பார்த்துட்டிருக்க முடியாதுங்க. வரணும்னு தோணினா வாங்க. அதையும் வாயால சொல்லிட்டு வாங்க."

வண்டி வந்து நின்றது. சூட்கேஸ்களை நான்தான் ஏற்றினேன். இரண்டும் கல்லாகக் கனத்தன. கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும் என்று ஜன்னலருகே குனிந்தேன்.

"தண்ணியைக் காய்ச்சிக் குடி" என்றேன்.

காய்ச்சித்தான் குடிப்பேன் என்று அவள் சொன்னாள். வண்டி தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தேன். மேஜை மேல் பூண்டுக் கிண்ணம் இருந்தது. மீதி இருந்த பூண்டு ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்குப் போதும்.

அந்த மாதம் எப்படிப் போயிற்று என்று நான் விவரிக்கப் போவதில்லை. ஃபேன் சத்தம் நன்றாகக் கேட்டது என்று மட்டும் சொல்கிறேன். மகள் ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. என்னைத் திட்டவில்லை. நடுவருக்குரிய குரலில் ஒரு தீர்ப்பு மட்டும் சொன்னாள்: ஃபோனிலும் ஆடலாம், பலகை அப்பாவிடமே இருக்கட்டும், அம்மா அங்கே போடுகிற எண்ணைச் சொல்வாள், காயை அப்பா நகர்த்த வேண்டும். நம்பிக்கைதான் எட்டாவது விதியாம்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து மனைவி கூப்பிட்டாள். புது ஆஸ்பத்திரியில் விரிப்பெல்லாம் நீலமாம். தண்ணீர் உப்பாகத்தான் இருக்கிறதாம். நான் பலகையை விரித்தேன். ஒழுங்கானவனாகிவிட்டேன் என்பதால் பழைய நேர்மையான பகடையையே எடுத்து வைத்துக்கொண்டேன். பந்தயம் என்ன என்று கேட்டேன்.

"நீங்க ஜெயிச்சா, கிளம்பி இங்க வந்துடுங்க" என்றாள். "வாயால கேக்கத்தான் உங்களுக்கு வராதே. காயாலயாவது வாங்க."

இருபத்தைந்து வருடத்தில் நான் இவ்வளவு ஆசையோடு ஆடியதில்லை. சிரத்தையாக ஆடினேன். முதல் காயை வெளியே எடுத்தேன். ஒரு காயும் வெட்டுப்படாமல் பாதிச் சுற்றுக் கடந்தேன். அவளுடைய ஒரு காயையும் வெட்டினேன். நாலாவது விதி தீர்ந்தது. இனி வீடு எனக்குத் திறந்த வீடு. மனசுக்குள் நாற்பத்தாறு தாடைகளையும் மறுபடி காகிதத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டேன்.

"ஆறு" என்றாள் ஃபோனில். அவள் காயை வெளியே எடுத்து வைத்தேன்.

"இன்னொரு ஆறு" என்றாள். நகர்த்தினேன். என் காய்க்கு ஆறு கட்டம் பின்னால் வந்து நின்றது.

பிறகு மூன்று விழுந்ததாம். அதை வேறு காயில் வைக்கச் சொன்னாள். அடுத்த முறை, அவள் அங்கே பகடையை உருட்டும் சத்தம் என் காதில் விழுந்தது. மேஜையில் விழும் சாதாரணச் சத்தமல்ல. ஒரு பக்கம் கனமாக, தொப்பென்று விழுந்து, உருளாமல் உட்காரும் சத்தம். அந்தச் சத்தத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய், பகடைகளைப் போட்டு வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். சிவப்புப் புள்ளி மட்டும் ஒற்றையாக இருந்தது. பச்சையைக் காணோம்.

"ஆறுங்க" என்றாள். "நகர்த்திட்டீங்களா?"

கேட்டிருக்கலாம். கேட்டால் பேச வேண்டிவரும், பேசினால், வருகிறேன் என்பதையும் சொல்ல வேண்டிவரும். திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தேன். அவளுடைய சிவப்புக் காயை எடுத்து ஆறு கட்டம் எண்ணி வைத்து, என் காயை என் கையாலேயே வெட்டி, வீட்டுக்கு அனுப்பினேன்.